அறக்கொட்டி: 62 நாள் வெள்ளாமையில் இரண்டு இடத்தில் வட்டம். ஐந்து ஏக்கருக்கும் மருந்து அடிக்க வேணுமா?

கேள்வி: படுவான்கரை வயல்

மட்டக்களப்பில் கொக்கட்டிச்சோலைப் பக்கம், ஒரே வட்டையில் (வயல்வெளியில்) ஐந்து ஏக்கர் நெல். இனம் பிஜி 94-1. நவம்பர் நடுவில் வீச்சு விதைப்பு, ஏக்கருக்கு மூன்றரை புசல் (ஒரு புசல் ஏறத்தாழ 21 கிலோ). இன்றைக்கு 62ஆம் நாள், குடலை தள்ளத் தொடங்கிவிட்டது, கதிர் மடலுக்குள் பருத்து வருது. யூரியா மூன்று தடவை போட்டாச்சு. கடைசித் தடவை 50ஆம் நாள், ஏக்கருக்கு 50 கிலோ. 28ஆம் நாள் இலைசுருட்டிக்கு டெல்டாமெத்ரின் ஒரு தடவை அடித்தது.

மூன்று கிழமையாக வயலில் அரை அடித் தண்ணீர் நிற்குது. இப்போது இரண்டு இடத்தில் வட்டமாகப் பயிர் பழுத்து வருது. ஒவ்வொன்றும் பத்து மீற்றர் அகலம் இருக்கும். பயிரை விலக்கினால் அடியில் கபில நிறப் பூச்சி துள்ளுது, அறக்கொட்டிதான். கடையில் இமிடாகுளோபிரிட்டும் சைபர்மெத்ரினும் கலந்து ஐந்து ஏக்கருக்கும் அடிக்கச் சொல்கிறார்கள்.

வயலின் வடிச்சல் வாய்க்கால் நேரே வாவிக்குப் போகுது. அதன் வாயில் இறால், மீன் பிடிக்கிற குடும்பங்கள் இருக்கு. வயல் மூலையில் இருந்து 15 மீற்றரில் குடிக்கிற கிணறு. முழு வயலுக்கும் அடிக்க வேணுமா? அடித்தால் எதை? தண்ணீரை வடிக்கலாமா, குடலை நேரத்தில் வடித்தால் பயிருக்குக் கேடா?


பதில்: பூச்சிக்கணக்கு

தம்பி, அந்தக் கலவையை இன்றைக்கு வாங்க வேண்டாம். முதலில் எண்ணுங்கள். ஒரு மணித்தியால வேலை. எண்ணிக்கை கையில் வந்தால் எங்கே அடிக்கிறது, அடிக்கத்தான் வேணுமா என்கிற கேள்விக்குப் பதில் அதிலேயே இருக்கும்.

காலையில் வெயில் ஏறுமுன் மூலைக்கு மூலை குறுக்காக நடந்து 20 இடத்தில் நில்லுங்கள். பழுத்த வட்டங்களைத் தனியாக எண்ண வேணும்; மற்றதோடு கலந்து சராசரி எடுத்தால் கணக்குப் பிழைத்துவிடும். ஒவ்வொரு இடத்திலும் பத்துத் தண்டைச் சேர்த்துப் பிடித்து, அடியில் வெள்ளைத் தட்டொன்றைச் சரித்து வைத்து, உள்ளங்கையால் மூன்று தடவை தட்டுங்கள். தட்டில் சவர்க்காரத் தண்ணீர் பூசியிருந்தால் விழுந்தது துள்ளிப் போகாது. வரம்பில் நின்று இலையைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அறக்கொட்டி தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தண்டின் நிழலில்தான் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும்.

தட்டில் விழுந்ததை வகை பிரியுங்கள். எள்ளு அளவில் வெள்ளையாகவோ வெளிர் கபிலமாகவோ இருப்பது குஞ்சு. சிறகு முதுகின் பாதியோடு நின்று, வயிறு பருத்திருப்பது குட்டைச்சிறகுப் பெண். அது பறக்காது, இருந்த இடத்திலேயே தண்டின் மடலைக் கீறி உள்ளே முட்டை வைக்கும். இது நிறைய இருந்தால் பூச்சி வெளியிலிருந்து வந்தது அல்ல, உங்கள் வயலிலேயே பெருகினது. அடுத்தது சிலந்தி. வலை கட்டாமல் தண்ணீர் மேலே ஓடுகிற, முதுகில் கவட்டைத் தடி மாதிரிக் கோடுள்ள ஓநாய்ச் சிலந்தியைக் கட்டாயம் எண்ண வேணும். ஒரு சிலந்தி ஒரு நாளைக்கு ஐந்து முதல் பதினைந்து அறக்கொட்டி வரை தின்னும். பின்னால் வெள்ளை உருண்டை காவிக்கொண்டு ஓடினால் அது முட்டைப் பொதி. இன்னொன்று, பச்சையும் கறுப்புமாக மெலிந்து, தட்டில் விழுந்ததும் வேகமாக ஓடுகிற பூச்சி. இதை அறக்கொட்டி என்று நினைத்துப் பலர் பயப்படுகிறார்கள். உண்மையில் அது அறக்கொட்டியின் முட்டையை உறிஞ்சிக் குடிக்கிற நண்பன்.

கணக்கு இப்படி: சிலந்தி இல்லாத இடத்தில் தண்டுக்கு ஒரு அறக்கொட்டி வந்தால் நடவடிக்கை எடுக்க வேணும். சிலந்தி பரவலாக இருக்கிற இடத்தில் தண்டுக்கு இரண்டு வரை பொறுக்கலாம்.

இது ஏன் வந்தது என்பதையும் சொல்ல வேணும், இல்லாவிட்டால் அடுத்த போகமும் இதே கதைதான். 28ஆம் நாள் அடித்த டெல்டாமெத்ரின் இலைசுருட்டியோடு சிலந்தியையும் முட்டை குடிக்கிற பூச்சியையும் கொன்றுவிட்டது. மடலுக்குள் இருந்த அறக்கொட்டி முட்டைக்கு மருந்து போய்ச் சேராது. அது ஏழு, எட்டு நாளில் பொரித்தபோது தின்ன ஆளில்லை. முட்டையிலிருந்து அடுத்த தாய்ப்பூச்சி வர ஒரு மாதம்கூட ஆகாது. 28ஓடு அதைக் கூட்டுங்கள், நீங்கள் வட்டம் கண்ட நாள் வந்துவிடும். போதாததற்கு இந்த வகை மருந்தின் மிச்சம் பட்ட பெண் பூச்சி கூடுதலாக முட்டை வைக்கிறதும் ஆய்வில் கண்டது. சைபர்மெத்ரினும் அதே குடும்பம். இப்போது அடித்தால் மூன்று நாள் வயல் வெளிச்சமாக இருக்கும், இருபதாம் நாள் முழு வட்டையும் எரியும்.

இலைசுருட்டிக்கு முதல் 40 நாளில் அடிக்கவே தேவையில்லை. அந்த வயதில் பயிர் புது இலை போட்டு இழப்பை ஈடு செய்துவிடும்.


பதில்: சம்மாந்துறை வட்டை

தண்ணீர் கேள்விக்கு நான் சொல்கிறேன். வடிக்க வேணும், ஆனால் காயவிடக் கூடாது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் குடலைப் பயிர் தப்பும்.

அரை அடித் தண்ணீரும் மூன்றரைப் புசல் நெருக்கமும் சேர்ந்தால் பயிருக்கடியில் வெயிலும் காற்றும் போகாது. அறக்கொட்டிக்கு அது மாளிகை. வரம்பில் தண்ணீர் போகிற வாயான வக்கடையைத் திறந்து மூன்று நாள் வடியவிடுங்கள். மண் சேறாக, கால் வைத்தால் தடம் பதிகிற ஈரத்தில் நிற்க வேணும். வெடிப்பு விடத் தொடங்கினால் பிந்திவிட்டீர்கள், அன்றைக்கே மெல்லிசாக ஒரு அங்குலம் தண்ணீர் கட்டுங்கள். குடலையில் இருந்து பூ முடியும் வரை பயிர் தாகத்தைத் தாங்காது. காய்ந்தால் சப்பிதான் (பதர்) மிஞ்சும். மழை பெய்து பள்ளக்காணி வடியவில்லை என்றால் வரம்போரம் ஒரு மண்வெட்டி அகலத்துக்குக் கான் இழுத்து விடுங்கள்.

வடிக்குமுன் ஒன்றைப் பாருங்கள். இலையில் எரிபந்த (குலை) நோயின் புள்ளி இருக்கா? இரண்டு முனையும் கூராக, நடு சாம்பல் நிறம், ஓரம் கபிலம். இருந்தால் அந்தப் பக்கத்தை இரண்டு நாளுக்கு மேல் வெறுமையாக விடக் கூடாது. வேர் காய்கிற வயலில் எரிபந்தம் கூடும். தை மாதப் பனியும் சேர்ந்தால் கதிரின் கழுத்தில் ஏறிவிடும்.

அடுத்தது வழி பிரித்தல். வீச்சு விதைப்பில் வரிசை இல்லை, ஆனால் நீளக் கம்பால் பயிரை இரு பக்கமும் சாய்த்து, இரண்டரை மூன்று மீற்றருக்கு ஒரு வழி, ஒரு அடி அகலத்தில் எடுக்கலாம். கிழக்கு மேற்காக எடுத்தால் வெயில் நல்லாக விழும். ஏக்கருக்கு இரண்டு ஆள், அரை நாள். மருந்து அடிக்கிறவருக்கும் இதே வழிதான் உதவும்.

யூரியா இனி ஒரு பிடியும் வேண்டாம். 50ஆம் நாள் போட்ட 50 கிலோ மிகக் கூட. கரும்பச்சையாக, மெதுமெதுவென்று நிற்கிற பயிரைத்தான் அறக்கொட்டியும் எரிபந்தமும் தேடி வரும்.


பதில்: முல்லைக்காரன்

முந்தி வயலுக்குள் மண்ணெண்ணெய் ஊற்றி, இரண்டு பேர் கயிறு பிடித்துப் பயிருக்கு மேலால் இழுப்பார்கள். பூச்சி தண்ணீரில் விழுந்து சாகும். மருந்தைவிட மலிவு. அதைச் செய்தால் என்ன?


பதில்: வாவிக்கரை

அண்ணன், கயிறு இழுப்பு பிழையில்லை, மண்ணெண்ணெய்தான் பிழை. தண்ணீர் மேலே படிகிற அந்தப் படலம் பூச்சியை மட்டும் பார்த்துக் கொல்லாது. தண்ணீர் மேலே ஓடுகிற சிலந்தியும், விழுகிற குஞ்சைத் தின்னுகிற சின்ன நீர்ப்பூச்சிகளும் முதலில் போகும். பிறகு வக்கடை உடைந்தாலோ மழை வந்தாலோ அந்தத் தண்ணீர் வாய்க்காலால் வாவிக்குத்தான் இறங்கும். இவர் வயலுக்குக் கீழே இறால் பிடிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார். வயலை வடிக்கச் சொல்லி மேலே சொன்னதோடும் இது ஒத்துவராது. படலம் நிற்கத் தண்ணீர் வேணும்.

சைபர்மெத்ரின் பற்றியும் இதையே சொல்ல வேணும். மனிதனுக்குக் கடுமை குறைவு என்று சொல்லி விற்கிறார்கள், ஆனால் மீனுக்கும் இறாலுக்கும் மிகக் கொடிய நஞ்சு. இமிடாகுளோபிரிட் தேனீக்கும் நீரில் வாழும் சிறு பூச்சிகளுக்கும் கேடு. அதோடு ஆசியாவின் பல நாடுகளில் அறக்கொட்டி இந்த மருந்துக்கு எதிர்ப்புப் பெற்று இருபது வருடமாகிறது. பலன் சந்தேகம், கேடு நிச்சயம்.


படுவான்கரை வயல்:

எண்ணினேன். வட்டத்துக்குள்ளும் ஓரத்திலும் பத்துத் தண்டுக்கு 55 முதல் 70 வரை. பத்தில் எட்டுக் குஞ்சு, மற்றது பெரும்பாலும் குட்டைச்சிறகு. சிலந்தி ஒன்று அல்லது இல்லை. மற்ற இடங்களில் பத்துத் தண்டுக்கு நாலு, ஐந்து. சிலந்தி இரண்டு, மூன்று எல்லா இடத்திலும் இருக்கு, பச்சைப் பூச்சியும் கண்டேன். எரிபந்தப் புள்ளி காணவில்லை. வக்கடை திறந்தாச்சு. இப்போது என்ன?


பதில்: பூச்சிக்கணக்கு

நல்ல கணக்கு. வட்டத்தில் தண்டுக்கு ஆறுக்கு மேல். அது எல்லை தாண்டிவிட்டது, மருந்து வேணும். மற்ற இடத்தில் தண்டுக்கு அரைகூட இல்லை, சிலந்தியும் இருக்கு. அங்கே ஒரு துளியும் வேண்டாம். அங்கே அடித்தால் உங்களுக்காக வேலை செய்கிற ஆளைக் கொல்கிறீர்கள்.

ஐந்து ஏக்கருக்கு, முதுகில் சுமந்து அடிக்கிற 16 லீற்றர் டாங்கி 50 போகும். உங்களுக்குத் தேவை இரண்டு. எப்படி என்றால், வட்டம் பத்து மீற்றர், சுற்றிவர இன்னும் ஐந்து மீற்றர் வளையம். ஆக 20க்கு 20 மீற்றர், 400 சதுர மீற்றர், ஏக்கரில் பத்தில் ஒன்று. ஏக்கருக்குப் பத்து டாங்கிக் கணக்கில் ஒரு வட்டத்துக்கு ஒரு டாங்கி. குப்பியில் ஏக்கருக்கு என்று போட்டிருக்கிற அளவைப் பத்தால் பிரித்து ஒரு டாங்கிக்கு ஊற்றுங்கள். மூடியால் அளக்க வேண்டாம், அளவுக் குவளை வேணும். ஹெக்டேயருக்கு என்று போட்டிருந்தால் 25ஆல் பிரியுங்கள்.

குஞ்சு கூடுதலாக இருப்பதால் புப்ரோபெசின் பொருந்தும். இது குஞ்சு தோல் கழற்றுகிறதைத் தடுத்துக் கொல்லும், சிலந்திக்குப் பெரும்பாலும் கேடில்லை. ஆனால் தாய்ப்பூச்சியைக் கொல்லாது, பலன் தெரிய நாலைந்து நாள் எடுக்கும். இரண்டாம் நாள் போய்ப் பார்த்து "பூச்சி அப்படியே நிற்குது" என்று இன்னொரு குப்பி வாங்குகிறதுதான் வழக்கமாக நடக்கிற பிழை. பைமெட்ரோசினும் சரி, அது பூச்சி உறிஞ்சுகிறதை நிறுத்தும். பூச்சி உடனே விழாது, ஆனால் சேதம் நின்றுவிடும். இரண்டில் ஒன்று போதும், கலக்க வேண்டாம்.

அடிக்கிறபோது வளையத்தின் வெளிப்பக்கத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வாருங்கள். நடுவில் தொடங்கினால் பூச்சி வெளியே சிதறிப் புது வட்டம் போடும். குழாயைப் பயிருக்குள் இறக்கி, முனையைத் தண்டடிக்குப் பிடிக்க வேணும். மேலால் வீசினால் மருந்தில் பெரும்பகுதி இலையோடு நின்றுவிடும். முதலில் வெறும் தண்ணீரால் ஒரு 20க்கு 20 மீற்றர் நடந்து பாருங்கள். டாங்கி சரியாக முடிந்தால் நடை சரி. பாதி மிஞ்சினால் வேகமாக நடக்கிறீர்கள், அல்லது முனை அடைத்திருக்கு. பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு அடியுங்கள். அடுத்த கிழமை பூக்கத் தொடங்கினால் முற்பகலில் தேனீ நெற்பூவுக்கு வரும்.


பதில்: வாவிக்கரை

மருந்து கலக்குமுன் வக்கடை எல்லாவற்றையும் மண் போட்டு இறுக்க வேணும். மூன்று நாள் வடித்த வயல் என்பதால் ஓட வெளியில் தண்ணீர் இருக்காது, அதுவே பெரிய காவல். அடித்து ஒரு நாள் கழித்து ஒரு அங்குலம் கட்டுங்கள், ஏழு நாளைக்கு ஒரு சொட்டும் வெளியே விடக் கூடாது. இரவு மழை அறிவித்திருந்தால் அன்றைக்கு அடிக்கவே வேண்டாம்.

கிணற்றடியில் கலக்கவோ டாங்கி கழுவவோ கூடாது. தண்ணீரைக் குடத்தில் எடுத்துக்கொண்டு போய் வயலின் மறுபக்க வரம்பில் கலக்குங்கள். வெறும் குப்பியில் கால்வாசி தண்ணீர் விட்டு, மூடிக் குலுக்கி, அந்தத் தண்ணீரையும் டாங்கிக்குள்ளேயே ஊற்றுங்கள். மூன்று தடவை. பிறகு குப்பியில் ஓட்டை போடுங்கள், ஒருவரும் எடுத்துத் தேங்காயெண்ணெய் ஊற்ற முடியாதபடி. மிஞ்சிய மருந்தை வேறு போத்தலில் மாற்றி வைக்காதீர்கள். சோடாப் போத்தலில் ஊற்றிக் குசினித் தட்டில் வைத்ததைப் பிள்ளை குடிக்கிறது இந்தப் பக்கத்தில் நடக்காத காரியம் இல்லை. வாங்கும்போதே இரண்டு டாங்கிக்குப் போதுமான சிறிய குப்பியாக வாங்கினால் வீட்டில் வைக்க ஒன்றும் மிஞ்சாது. மிஞ்சினால் பூட்டுப் போட்ட பெட்டி, திறப்பு ஒரு பொறுப்பான ஆளிடம். இலங்கையில் மிகக் கொடிய நச்சு மருந்துகளை 1995இலும் எண்டோசல்பானை 1998இலும் நிறுத்திய பிறகு தற்கொலைச் சாவு பெருமளவு குறைந்தது. கைக்கெட்டும் இடத்தில் நஞ்சு இல்லாவிட்டால், ஒரு கோபத்தில் போகிற உயிர் தப்பும்.

அடிக்கிற ஆளைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, நான் சொல்கிறேன். டாங்கிக்கு இவ்வளவு என்று கூலி பேசினால் அவர் ஓடத்தான் செய்வார், கையுறையும் போடமாட்டார். அரை நாள் கூலி பேசுங்கள். நீளக் கைச் சட்டை, றப்பர் கையுறை, சப்பாத்து, முகத்துக்குத் துணி, கண்ணுக்குக் கண்ணாடி, இவை வயல்காரர் கொடுக்க வேண்டியவை. டாங்கி ஒழுகினால் முதுகு நனையும், நஞ்சு தோலால் ஏறும். முதலில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். காற்று முதுகுக்குப் பின்னால் இருக்க வேணும். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகளை இந்த வேலைக்கு விடவே கூடாது. முடிந்ததும் வெற்றிலை, பீடிக்கு முதல் சவர்க்காரம் போட்டுக் குளிக்க வேணும். தலைச்சுற்று, வாந்தி, வாயூறல் என்றால் 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள். குப்பியின் லேபிளும் கூடவே போக வேணும். வாந்தி எடுக்க வைக்க வேண்டாம்.

பட்டிக்காரருக்கும் முதல் நாளே சொல்லுங்கள். மருந்து பட்ட வரம்புப் புல்லில் இரண்டு கிழமைக்கு மாடு, எருமை விட வேண்டாம்.


படுவான்கரை வயல்:

மிக்க நன்றி. ஐம்பது டாங்கி இரண்டாகக் குறையும் என்று நினைக்கவில்லை. சம்மாந்துறைக் காக்கா, ஒரு கேள்வி. பக்கத்து வயல்காரர் வேப்பெண்ணெய் போதும் என்கிறார். அதோடு, அடித்த பிறகு எப்போது திரும்ப எண்ண வேணும்?


பதில்: சம்மாந்துறை வட்டை

வேப்பெண்ணெய் தண்டுக்கு ஒன்று, ஒன்றரை என்று இருக்கும்போது உதவும். ஆறுக்கு மேல் ஏறிய வட்டத்தை அது பிடித்து நிறுத்தாது. ஆனால் வளையத்துக்கு வெளியே எண்ணிக்கை ஒன்றை நெருங்கினால் அங்கே அதுதான் முதல் தெரிவு. நூற்றுக்கு மூன்று பங்கு, அதாவது 16 லீற்றருக்கு 480 மில்லிலீற்றர். எண்ணெயைத் தனியே சவர்க்காரக் கரைசலோடு பால் மாதிரி வெளுக்கும் வரை அடித்து, பிறகு டாங்கியில் ஊற்ற வேணும். நேரே ஊற்றினால் எண்ணெய் மேலே மிதக்கும், கடைசி இரண்டு லீற்றர் வெறும் எண்ணெயாகப் பயிரைக் கருக்கும். வேப்பங்கொட்டை கிடைத்தால் பருப்பு 800 கிராம் இடித்து, இரவு ஊறவைத்து, துணியில் வடித்து ஒரு டாங்கிக்கு. வேப்பம்பழம் ஆடி, ஆவணியில் விழும்போதே பொறுக்கி, நிழலில் காயவைத்துச் சாக்கில் கட்ட வேணும். பூஞ்சணம் பிடித்த கொட்டையில் சத்தில்லை.

திரும்ப எண்ணுகிறது ஐந்தாம் நாள், பத்தாம் நாள். ஐந்தாம் நாள் குஞ்சு பாதிக்குக் கீழே இறங்கியிருக்க வேணும். பத்தாம் நாள் எண்ணுவது வேறு காரணத்துக்கு: அடித்த அன்றைக்கு மடலுக்குள் இருந்த முட்டை அதற்குள் பொரித்திருக்கும். அப்போது தண்டுக்கு ஒன்றுக்கு மேல் குஞ்சு இருந்தால் அதே 400 சதுர மீற்றருக்கு மட்டும் இன்னொரு தடவை. முதல் தடவை புப்ரோபெசின் என்றால் இரண்டாவது பைமெட்ரோசின். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிக்கக் கூடாது. அறுவடைக்கு எத்தனை நாளைக்கு முன் நிறுத்த வேணும் என்பது லேபிளில் இருக்கும். சந்தேகம் என்றால் விவசாயத் திணைக்களத்தின் 1920க்கு எடுங்கள், அல்லது உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைத் தட்டோடு வயலுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

பழுத்து எரிந்த நடுப்பகுதி திரும்பாது. அதற்கு யூரியா போட்டுப் பச்சையாக்கப் பார்க்க வேண்டாம்.

சிறுபோகத்துக்கு இப்போதே குறித்துவையுங்கள். அறுத்த தாள் துளிர்த்து நின்றால் அதிலேயே பூச்சி அடுத்த போகம் வரை இருக்கும். உடனே உழுது புரட்ட வேணும். போகம் தொடங்குமுன் விவசாயிகள் கூடுகிற ஆரம்பக் கூட்டத்தில் தீர்மானிக்கிற விதைப்பு நாளுக்குள் வட்டை முழுக்க விதைத்து முடிக்கப் பாருங்கள். ஒரு மாதம் முன்பின்னாக விதைத்தால் முந்தின வயலில் பெருகிய பூச்சிக்குப் பிந்தின வயல் இளம் பயிரோடு காத்திருக்கும். யூரியாவை ஒரு தடவைக்கு ஏக்கருக்கு 25 கிலோவுக்கு மேல் போகாமல் பிரித்துப் போடுங்கள். விதைநெல் இரண்டு புசல் போதும். உங்கள் மூன்றரையில் இருந்து குறைத்தால் ஏக்கருக்கு 31 கிலோ விதைநெல் மிச்சம், ஐந்து ஏக்கருக்கு 155 கிலோ.